ஆன்லைனில் வங்கிக் கணக்கு: வீடியோ கேஒய்சி எங்கே சிக்குகிறது?

கல்லாப்பெட்டி:

"ஆப்பில் பத்து நிமிஷத்தில் கணக்கு திறந்தாச்சு, ஒரு லட்சத்துக்கு மேல் பணம் ஏறவில்லை, ஏன்?" இதே கேள்வி வெவ்வேறு தலைப்பில் வந்துகொண்டே இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே இழையில் பேசிவிடலாம். கேஒய்சி என்றால் வாடிக்கையாளர் யாரென்று வங்கி சரிபார்ப்பது.

வீட்டிலிருந்தபடி திறக்கும் சேமிப்புக் கணக்கில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகம், ஆதார் ஓடிபியை மட்டும் வைத்துத் திறப்பது. ஆதாரில் பதிவான மொபைலுக்கு ஓடிபி வரும். அதைப் போட்டதும் பெயர், முகவரி, பிறந்த தேதி, போட்டோ நாலும் வங்கிக்குப் போய்விடும். இதில் உங்கள் முகத்தை வங்கியில் யாரும் பார்ப்பதில்லை, அதனால்தான் ரிசர்வ் வங்கி கடிவாளம் போட்டிருக்கிறது. அந்த வாடிக்கையாளரின் டெபாசிட் கணக்குகளில் மொத்த இருப்பு 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஒரு நிதியாண்டில் உள்ளே வரும் மொத்தப் பணம் 2 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஒரு வருஷத்துக்குள் முழு கேஒய்சி முடியாவிட்டால் வங்கி கணக்கை மூடியாக வேண்டும். "வேறு எந்த வங்கியிலும் இதே முறையில் கணக்கு திறக்கவில்லை, திறக்கவும் மாட்டேன்" என்று ஒரு உறுதிமொழியும் உண்டு. டிக் போட்டிருப்பீர்கள், படித்திருக்க மாட்டீர்கள்.

இரண்டாவது ரகம், வீடியோ கேஒய்சி: வங்கி அதிகாரி வீடியோ அழைப்பில் உங்கள் முகத்தையும் பானையும் பார்த்துச் சரிபார்ப்பது. வங்கிக்காரர்கள் வி-சிப் என்பார்கள். 2016-ஆம் வருஷத்து கேஒய்சி விதிகளில் ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 9 அன்று இதைச் சேர்த்தது. 2021 மே மாதம் தனி உரிமையாளர் நிறுவனங்களுக்கும், ஓடிபி கணக்கை முழுக் கணக்காக மாற்றுவதற்கும் விரிவாக்கியது. முறையாக முடித்தால் கிளைக்கு நேரில் போனதற்குச் சமம். மேலே சொன்ன உச்சவரம்பு எதுவும் இதற்குக் கிடையாது.

ஆக, "உங்கள் கணக்கு தயார்" என்று ஆப் பட்டாசு வெடித்துக் காட்டும்போது பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறீர்கள். அடுத்த திரையில் வீடியோ அழைப்புக்கான பட்டன் இருக்கும், அதை அழுத்துங்கள். "பிறகு பார்க்கலாம்" என்று விட்டவர்கள்தான் பதினோராம் மாசம் பதறிக்கொண்டு வருகிறார்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஆதாரோடு இணைந்த மொபைல், அசல் பான் கார்டு, கோடு போடாத வெள்ளைத் தாள், கறுப்பு அல்லது நீல மைப் பேனா. எங்கே சிக்குகிறது என்பதை விஷயம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக எழுதுங்கள்.

நெல்லை_நெட்சென்டர்:

முதல் சிக்கல் இனிஷியல். வடக்கே இருந்து எழுதிய சாஃப்ட்வேருக்கு நம்ம ஊர்ப் பெயர் இன்னும் பிடிபடவில்லை.

பான் விண்ணப்பத்தில் "கடைசிப் பெயர்" கட்டத்தில் இனிஷியல் போட விட மாட்டார்கள், முழுசாக எழுத வேண்டும். அதனால் ஊரெல்லாம் கே. முருகன் என்று இருப்பவர் பானுக்காக அப்பா பெயரைச் சேர்த்து முருகன் கருப்பசாமி ஆகிவிடுவார். அட்டையில் அச்சிட வேண்டிய பெயருக்குத் தனிக் கட்டம் உண்டு, அதில் சுருக்கம் அனுமதி. கடைசியில் அட்டையில் 'கே முருகன்', டேட்டாபேஸில் 'முருகன் கருப்பசாமி', ஆதாரில் 'முருகன் கே'. வங்கி ஒப்பிடுவது ஆதாரிலிருந்து வந்த பெயரையும் பான் டேட்டாபேஸில் இருக்கும் பெயரையும். அட்டையைப் பார்த்து "ஒரே பெயர்தானே" என்று நீங்கள் சொல்வது அங்கே எடுபடாது.

ஒப்பிடும் மென்பொருள் பொருத்தத்துக்கு மதிப்பெண் போடும், எவ்வளவு இருந்தால் தேறும் என்பது வங்கிக்கு வங்கி மாறும். ஒரு வங்கியில் தேறிய பெயர் இன்னொன்றில் தேறாமல் போவது இதனால்தான். ஸ்பெல்லிங்கும் உதைக்கும். ழகரத்துக்கு ஒன்றில் 'இஸட் ஹெச்', இன்னொன்றில் 'எல்'. செந்தில் என்ற பெயரில் ஓர் இடத்தில் 'டீ ஹெச்', மற்றதில் வெறும் 'டீ'.

வீடியோவுக்கு முன்னால் செய்ய வேண்டியது: வருமான வரித் துறை தளத்தில் பான் நிலையைச் சரிபார்க்கும் பக்கம் இருக்கிறது, லாகின் தேவையில்லை. பான் எண், முழுப் பெயர், பிறந்த தேதி, மொபைல் எண் கொடுத்தால் பான் உயிரோடு இருக்கிறதா, நீங்கள் கொடுத்த பெயர் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று சொல்லிவிடும். ஆதாரில் உள்ளபடியே பெயரை அடித்துப் பாருங்கள். "பொருந்தவில்லை" என்று வந்தால் வங்கியிலும் அதே கதை நடக்க வாய்ப்பு அதிகம். 'இன்ஆபரேட்டிவ்' என்று வந்தால் ஆதாரோடு இணைக்காத பான். 2023 ஜூலை 1 முதல் அப்படிப்பட்ட பான் செல்லாது, 1,000 ரூபாய் கட்டணம் கட்டி இணைத்தால்தான் உயிர் வரும்.

பொன்னி_ஆற்றோரம்:

@நெல்லை_நெட்சென்டர் அண்ணா, அப்படியென்றால் எதை மாற்றுவது? பானையா, ஆதாரையா?

நெல்லை_நெட்சென்டர்:

ஆதாரில் இனிஷியல் இருக்கும்வரை பானை அதற்குப் பொருத்துவது செக்குமாடு சுற்றுகிற வேலைம்மா, பான் இனிஷியலை ஏற்காது. ஆதாரில் இனிஷியலை விரித்து எழுதுவதுதான் நேர்வழி. ஒரு எச்சரிக்கை: ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதி ஒரே ஒரு முறை. அதனால் பாஸ்போர்ட், மார்க் ஷீட், பான் மூன்றையும் மேஜையில் வைத்து, எந்த எழுத்துக்கூட்டல் அதிக இடத்தில் இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுத்து ஒரே தடவையில் மாற்றுங்கள். அவசரப்பட்டு மாற்றி, மறுபடி மாற்றி, இரண்டையும் தீர்த்துவிட்டால் மூன்றாவது முறைக்கு ஆதார் ஆணையமான யுஐடிஏஐயிடம் தனி விண்ணப்பம், அலைச்சல்.

பெரியவர்களுக்கு இன்னொரு கண்ணி. பழைய ஆதார்களில் பிறந்த வருஷம் மட்டும் இருக்கும், தேதியும் மாதமும் இருக்காது. பானில் முழுத் தேதி. அங்கேயே ஆப் நின்றுவிடும். ஆவணம் கொடுத்து ஆதாரில் தேதியைச் சேர்த்துவிட்டு வர வேண்டும்.

மொபைல் எண் மாறியிருந்தால் ஆதார் மையத்துக்கே போய்விடுங்கள். பெயர், முகவரி, மொபைல் மாதிரி விவரம் மாற்ற 2025 அக்டோபர் 1 முதல் 75 ரூபாய், அதற்கு முன் 50. ரசீதில் அச்சிட்ட தொகைக்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள்.

தாம்பரம்_ரயில்:

எதுக்கு இவ்வளவு? ரேஷன் ஸ்மார்ட் கார்டைக் கேமராவில் காட்டினால் ஏற்றுக்கொள்ள மாட்டார்களா? அதில் போட்டோ, முகவரி, க்யூஆர் எல்லாமே இருக்கிறதே. வேறு எல்லா இடத்திலும் செல்கிறது.

ஓய்வுபெற்ற_காசாளர்:

செல்லாது சார். இது பலருக்கும் இருக்கும் தவறான எண்ணம். ரிசர்வ் வங்கி ஏற்கும் அடையாள ஆவணங்கள் ஆறு: பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, ஆதார் வைத்திருப்பதற்கான சான்று, மாநில அரசு அலுவலர் கையெழுத்திட்ட நூறு நாள் வேலை அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் கடிதம். ரேஷன் கார்டு இந்தப் பட்டியலில் இல்லை. பான் கார்டும் இல்லை. அது வரிக்கான எண், முகவரி அதில் கிடையாது.

வீடியோ முறையில் பட்டியல் இன்னும் சுருங்கும். ஆதார் ஓடிபி, ஆதார் தளத்திலிருந்து நீங்களே இறக்கும் ஆஃப்லைன் எக்ஸ்எம்எல் கோப்பு அல்லது பாதுகாப்பு க்யூஆர், மத்திய கேஒய்சி பதிவேடு (ஏற்கெனவே கொடுத்த கேஒய்சி விவரங்களைச் சேர்த்து வைக்கும் இடம்), அரசின் டிஜிலாக்கர் ஆப் போன்றவற்றிலிருந்து வரும் மின்னாவணம். இவற்றில் ஒன்றின் வழியாகத்தான் உங்கள் விவரம் வர வேண்டும். அட்டையைக் கேமராவில் காட்டுவது பானுக்கு மட்டும்.

அதிலும் ஒரு நுணுக்கம். பான் கார்டு தொலைந்துவிட்டது என்று இ-பான் பிடிஎஃப்பை ஜெராக்ஸ் கடையில் கலரில் எடுத்து, லேமினேட் போட்டுக் காட்டுகிறார்கள். மின்னாவணத்தின் அச்சுப் பிரதி வீடியோ கேஒய்சிக்குச் செல்லாது என்று விதியிலேயே இருக்கிறது. அதை ஏற்காத அதிகாரி மேல் கோபப்பட்டுப் பயனில்லை. இ-பானைக் கோப்பாகவே, அல்லது டிஜிலாக்கர் வழியாகக் கொடுத்தால் அட்டையைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. இந்த வசதி உங்கள் வங்கியின் ஆப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பானே எடுக்காதவர்கள் வருமான வரித் தளத்தில் ஆதாரை வைத்து உடனடி இ-பான் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆவணம் எதுவுமே இல்லாதவருக்கு வீடியோ வழி கிடையாது. கிளைக்குப் போய்ப் போட்டோவும் கையெழுத்தும் கொடுத்து 'சிறு கணக்கு' திறக்கலாம். இருப்பு 50,000, வருஷ வரவு 1 லட்சம், மாதம் எடுப்பது 10,000 என்ற வரம்புக்குள் ஓடும்.

ரூட்டர்_ராசா:

டெக்னிக்கல் பக்கம் நான் சொல்றேன்.

விதிப்படி வாடிக்கையாளர் இந்தியாவுக்குள்ள இருக்கார்னு ஜிபிஎஸ் வச்சு உறுதி பண்ணணும், வெளிநாட்டு ஐபி (நெட்ல உங்க இணைப்போட முகவரி) வந்தா, ஐபியை மாத்திக் காட்டினா தடுக்கணும். அதனால:

விபிஎன் (ஐபியை மாத்திக் காட்டுற ஆப்) இருந்தா அணைச்சிடுங்க. விளம்பரத் தடுப்பு ஆப்கள்ல சிலது உள்ளுக்குள்ள விபிஎன்தான், அதையும் அணைங்க. ஐபோன்ல காசு கட்டி ஐகிளவுட் வச்சிருக்கவங்களுக்கு பிரைவேட் ரிலே சஃபாரியில ஐபியை மறைக்கும். ஆபீஸ் லேப்டாப்ல பண்ணவே பண்ணாதீங்க, கம்பெனி நெட்வொர்க் சிங்கப்பூர் வழியா வெளிய போனா வங்கிக்கு நீங்க சிங்கப்பூர்ல இருக்கீங்க.

ஆண்ட்ராய்டு 12-ல இருந்து லொகேஷன் அனுமதி கேக்கும்போது 'துல்லியம்', 'தோராயம்'னு ரெண்டு படம் காட்டும். தோராயம் குடுத்தா பல ஆப் சுத்திக்கிட்டே நிக்கும். போலி லொகேஷன் ஆப் போனில் இருந்தாலே சிலது மூடிக்கும், டெவலப்பர் ஆப்ஷன் ஆன்ல இருந்தாலும் அப்படித்தான். கான்கிரீட் வீட்டுக்கு நடுவுல ஜிபிஎஸ் பிடிக்காது, ஜன்னல் பக்கம் வாங்க.

வங்கி எஸ்எம்எஸ்ல அனுப்பின லிங்கை வாட்ஸ்அப்புக்கு அனுப்பி அங்கிருந்து திறக்காதீங்க. அந்த உள் பிரவுசர்ல கேமரா அனுமதி சரியா வேலை செய்யாது. ஆண்ட்ராய்டுல குரோம், ஐபோன்ல சஃபாரி. இன்காக்னிட்டோ ஜன்னல் வேண்டாம்.

வெளிச்சம் முகத்துக்கு நேரா வரணும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காந்தா முகம் கறுப்பாத் தெரியும். வைஃபை ஆடுதுன்னா அழைப்புக்கு முன்னாடியே மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கோங்க, நடுவுல மாறினா லைன் அறுந்திடும். அறுந்தா விட்ட இடத்துல இருந்து தொடர முடியாது, புதுசா முதல்ல இருந்துதான்.

கேஒய்சி_மேசை:

மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பதற்றம் போகும்.

எதிரில் பேசுபவர் வங்கியின் சொந்த ஊழியராக, இதற்கென்று பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். வெளி ஏஜென்சிக்காரர் இந்த வேலையைச் செய்யக் கூடாது. அவர் திரையில் மூன்று படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்: ஆதாரிலிருந்து வந்த போட்டோ, பானில் உள்ள போட்டோ, இப்போது எடுக்கும் உங்கள் முகம். மூன்றும் ஒரே ஆள்தானா என்று பார்ப்பதுதான் அவருடைய முதல் வேலை. கல்லூரி மாணவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். எட்டு வயசில் எடுத்த ஆதார் போட்டோவை அப்படியே வைத்திருப்பார்கள். 5 வயசிலும் 15 வயசிலும் கட்டாயமாகச் செய்ய வேண்டிய பயோமெட்ரிக் புதுப்பிப்பைச் செய்யாதவர்கள் முதலில் ஆதார் மையத்துக்குப் போங்கள்.

பான் கார்டைக் காட்டுவதற்கு ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுங்கள், உறையும் லேமினேஷனும் லைட்டை அப்படியே திருப்பி அடிக்கும். அட்டையின் இரு ஓரங்களையும் விரல் நுனியால் பிடியுங்கள், கட்டை விரல் பிறந்த தேதியை மறைக்கக் கூடாது. கேமராவுக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்தி, மேல் விளிம்பைக் கொஞ்சம் உங்கள் பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். ஹாலோகிராம் மேல் விழுந்த வெள்ளைப் பொட்டு நகர்ந்துவிடும், எழுத்து தெரியும். அதன்பின் மூன்று எண்ணும் வரை அசைக்காதீர்கள். பின்பக்கக் கேமராவுக்கு மாற்றச் சொன்னால் மாற்றுங்கள், அதில்தான் ஃபோகஸ் நன்றாக இருக்கும்.

கேள்விகள் ஒரே வரிசையில் வராது. அது வேண்டுமென்றே செய்வது. முன்கூட்டிப் பதிவு செய்த வீடியோவை ஓடவிட்டு ஏமாற்றக் கூடாது என்பதற்காகக் கேள்வியின் வகையையும் வரிசையையும் மாற்றச் சொல்லி விதியே இருக்கிறது. பிறந்த தேதி, அம்மா பெயர், பின்கோடு, என்ன தொழில், வருஷ வருமானம் எவ்வளவு, எதற்காகக் கணக்கு என்று கேட்கலாம். ஃபாரத்தில் "மாணவர்" என்று டிக் செய்துவிட்டு வாயால் "ஐடி கம்பெனி" என்று சொன்னால் அங்கேயே நிற்கும்.

வீட்டில் உள்ளவர்களுக்கு முக்கியமான விஷயம். பக்கத்தில் இருந்து யாராவது பதில் எடுத்துக்கொடுத்தால் விண்ணப்பத்தை நிராகரித்தாக வேண்டும். அதிகாரியின் இஷ்டம் அல்ல, விதி. அப்பாவுக்குக் காது மந்தம் என்று பிள்ளை பின்னால் நின்று "பென்ஷன்னு சொல்லுப்பா" என்பார், அத்தோடு முடிந்தது. போனை நிறுத்தி வைத்து, சத்தத்தைக் கூட்டி, இயர்போன் மாட்டிவிட்டு நீங்கள் அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். மொழித் தேர்வில் தமிழ் இருந்தால் கண்டிப்பாக அதைப் போடுங்கள். காத்திருப்பு ஐந்து பத்து நிமிஷம் கூடும், பரவாயில்லை.

கையெழுத்தை வெள்ளைத் தாளில் கேமரா முன்னாலேயே போடச் சொல்வார்கள். பானில் இருக்கும் கையெழுத்து மாதிரியே போடுங்கள்.

பொன்னி_ஆற்றோரம்:

வீடியோ முடிந்து "நன்றி" என்று சொன்ன பிறகும் கணக்கு ஏன் திறக்கவில்லை? இரண்டு நாளாக 'பரிசீலனையில்' என்றே நிற்கிறது.

கேஒய்சி_மேசை:

வீடியோ எடுத்தவர் சரி என்றால் மட்டும் போதாது மேடம். ஒவ்வொரு பதிவையும் வேறொருவர் தணிக்கை செய்த பிறகுதான் கணக்கு நடைமுறைக்கு வர வேண்டும். பான் படம் மங்கல், ஆதார் எண்ணின் முதல் எட்டு இலக்கம் மறைக்கப்படவில்லை, நடுவில் ஆடியோ விட்டுப்போச்சு என்று சின்னக் குறை இருந்தாலும் தணிக்கையாளர் திருப்பி அனுப்புவார், மறுபடி வீடியோ. சனி ஞாயிறு குறுக்கே வந்தால் இன்னும் இழுக்கும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது மூன்று வேலை நாள் கணக்கு. ஆதார் விவரத்தை எடுத்த நாளிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் வீடியோ நடக்க வேண்டும். எக்ஸ்எம்எல் கோப்பும் அதற்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. திங்கட்கிழமை ஓடிபி போட்டுவிட்டு அடுத்த வாரம் வீடியோவுக்கு வந்தால் ஆப் மறுபடி ஆதாரிலிருந்தே தொடங்கச் சொல்லும். அது கோளாறு இல்லை.

ஓய்வுபெற்ற_காசாளர்:

ஓடிபியே வரவில்லை என்பவர்கள் இரண்டைப் பார்க்கவும். மொபைலில் எல்லா எஸ்எம்எஸ்ஸும் தடை செய்திருக்கிறீர்களா? அடுத்து, பாதுகாப்புக்காக ஆதார் எண்ணையே பூட்டி வைத்திருக்கிறீர்களா? பயோமெட்ரிக்கை மட்டும் பூட்டியிருந்தால் ஓடிபிக்குத் தடையில்லை. எண்ணைப் பூட்டியிருந்தால் ஆதார் எண்ணை வைத்து எதுவும் நடக்காது. ஆதார் எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்கும் 16 இலக்க விஐடியைக் கொடுங்கள், அல்லது தற்காலிகமாகத் திறந்துவிட்டு மறுபடி பூட்டுங்கள். வந்த ஓடிபி பத்து நிமிஷம்தான் செல்லும்.

லிட்டில்இந்தியா_லிங்கம்:

சிங்கப்பூரில் வேலை செய்பவர்களுக்கு இதில் எதுவும் ஆகாதா? ஊர் வங்கியின் ஆப்பே இங்கே இறங்குகிறது. ஆனால் வீடியோ அழைப்பு போகமாட்டேன் என்கிறது.

ஓய்வுபெற்ற_காசாளர்:

ரூட்டர்_ராசா சொன்னதுதான் தம்பி, இந்திய மண்ணில் நிற்க வேண்டும் என்பது விதி. விபிஎன் போட்டு முயற்சி செய்யாதீர்கள், ஏமாற்று முயற்சி என்று பதிவாகும்.

விடுமுறையில் ஊருக்கு வரும்போது திறந்துகொள்ளலாம் என்று நினைப்பதும் தப்பு. ஆப்பில் திறப்பது உள்நாட்டில் குடியிருப்பவர்களுக்கான சேமிப்புக் கணக்கு. என்ஆர்ஐ, அதாவது வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர், அதை வைத்திருக்கக் கூடாது, ஏற்கெனவே இருப்பதையும் என்ஆர்ஓ-வாக மாற்ற வேண்டும். உங்களுக்கு வேண்டியது என்ஆர்இ (வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கு) அல்லது என்ஆர்ஓ (இந்தியாவில் வரும் வருமானத்துக்கு). ஃபாரத்தை ஆன்லைனில் நிரப்பி, பாஸ்போர்ட் முதலிய நகல்களுக்குச் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும். சான்றொப்பம் தரக்கூடியவர்கள்: இந்திய வங்கியின் வெளிநாட்டுக் கிளை அதிகாரி, இந்திய வங்கியோடு தொடர்புள்ள வெளிநாட்டு வங்கிக் கிளை, அங்குள்ள நோட்டரி, மாஜிஸ்திரேட் அல்லது நீதிபதி, இந்தியத் தூதரகம். நிறைய இந்திய வங்கிகளுக்கு சிங்கப்பூரில் கிளை இருப்பதால் உங்களுக்கு அதுதான் சுருக்கு வழி.

வெண்கோல்:

கண் சிமிட்டச் சொல்லும் சோதனையைப் பற்றி யாரும் எழுதவில்லை. பார்வை இல்லாதவர்கள், ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவர்கள் அந்தத் திரையைத் தாண்டவே முடியாது. உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வில் இதற்குத் தீர்ப்பு சொன்னது. டிஜிட்டல் வசதியை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவில் அடங்கிய உரிமை என்று சொல்லி, 20 உத்தரவுகள் போட்டது. அதே வருஷம் ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியும் விதியைத் திருத்தி, உயிருள்ள ஆள்தானா என்று பார்க்கும் சோதனை சிறப்புத் தேவை உள்ளவர்களை விலக்கிவிடக் கூடாது என்று சேர்த்தது.

நடைமுறையில் செய்ய வேண்டியது: ஆப்பின் தானியங்கிச் சோதனையில் நின்றால் வாடிக்கையாளர் சேவையை அழைத்து, சிமிட்டலுக்குப் பதில் வேறு வழி வேண்டும் என்று கேளுங்கள். தலையைத் திருப்புவதோ, அதிகாரி கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதோ போதும். உயிருள்ள ஆள் என்பதைக் காட்ட சிமிட்டல் ஒன்றே வழி என்று விதி எங்கும் சொல்லவில்லை. மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். யோசிக்காமல் நிராகரிக்கக் கூடாது, காரணத்தை அதிகாரி பதிவு செய்ய வேண்டும் என்பதும் இப்போது விதி.

தாம்பரம்_ரயில்:

சரி, ரேஷன் கார்டு விஷயத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன், ஏற்றுக்கொள்கிறேன். வாடகை வீட்டுக்காரர்களுக்கு என்ன வழி? ஆதாரில் சொந்த ஊர், இருப்பது சென்னை. கரண்ட் பில் ஹவுஸ் ஓனர் பெயரில்.

கேஒய்சி_மேசை:

வீடியோவுக்கு இது தடையே இல்லை. ஆதார் முகவரி வேறு, இப்போதைய முகவரி வேறு என்றால் அதை ஃபாரத்திலேயே தனியாகக் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். "ஆதாரில் உள்ளதே" என்று டிக் போட்டால் டெபிட் கார்டும் செக் புக்கும் ஊருக்குப் போய்விடும்.

கிளையில் வேறு ஆவணத்தோடு திறப்பவர்களுக்குத்தான் இரண்டு மாதத்துக்கு உட்பட்ட மின்சார, தண்ணீர், போஸ்ட்பெய்டு மொபைல் பில், சொத்து வரி ரசீது எல்லாம் தற்காலிக முகவரிச் சான்றாக வரும். அதைக் கொடுத்தாலும் புது முகவரி போட்ட அசல் ஆவணத்தை மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். ஓனர் பெயரில் உள்ள பில் இதற்கும் உதவாது. போஸ்ட்பெய்டு மொபைல் பில் உங்கள் பெயரில் இருந்தால் அதுதான் வாடகைக்காரர்களுக்குக் கைகொடுக்கும்.

நெல்லை_நெட்சென்டர்:

எல்லாரும் விட்டுவிட்ட ஒரு டிக் பாக்ஸ். நெட்சென்டருக்கு வருகிறவர்களில் அதிகமாக அடி வாங்குவது இதில்தான்.

கணக்கு திறக்கும் ஃபாரத்தில் "அரசு மானியங்களை இந்தக் கணக்கில் பெற ஆதாரை இணைக்கச் சம்மதிக்கிறேன்" என்ற மாதிரி ஒரு வரி வரும். அதற்கு டிக் போட்டால் கேஒய்சியோடு சம்பந்தமே இல்லாத வேறொரு வேலை நடக்கும். வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் அமைப்பான என்பிசிஐயின் பட்டியலில் உங்கள் ஆதார் எந்த வங்கியைக் காட்டுகிறதோ அது இந்தப் புது வங்கிக்கு மாறும். ஒரு ஆதாருக்கு ஒரு சமயத்தில் ஒரு வங்கிதான். மறு மாசத்திலிருந்து காஸ் மானியம், பிஎம் கிசான், நூறு நாள் கூலி எல்லாம் ஆதார் வழியாக வருவதால் புதுக் கணக்குக்குப் போய்விடும். பழைய பாஸ்புக்கை வைத்துக்கொண்டு "பணம் வரவில்லை" என்று தாலுகா ஆபீசுக்கு நடப்பார்கள். அங்கே கோளாறு எதுவும் இருக்காது.

ஆதாரை வைத்துக் கணக்கு திறப்பது வேறு, ஆதாரை மானியத்துக்கு இணைப்பது வேறு. புதுக் கணக்கில் மானியம் வேண்டாம் என்றால் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். இப்போது எந்த வங்கி என்று பார்க்க மைஆதார் தளத்தில் லாகின் செய்து வங்கி இணைப்பு நிலை என்ற பக்கத்தைத் திறங்கள், வங்கியின் பெயரும் இணைந்த தேதியும் காட்டும்.

ரூட்டர்_ராசா:

மோசடி பத்தி ரெண்டு வரி. "உங்க கேஒய்சி இன்னைக்கு ராத்திரி காலாவதி"ன்னு வர்ற வாட்ஸ்அப்ல ஏபிகே கோப்பு (திறந்தா போன்ல ஆப்பை ஏத்துறது) இருக்கும், தொடாதீங்க. அது உங்க எஸ்எம்எஸ்ஸைப் படிச்சு அனுப்புற ஆப். வங்கித் தளங்க எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள்ள 'டாட் பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாறணும்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு, லிங்க் அப்படி முடியுதான்னு பாருங்க. வீடியோ அதிகாரி ஏடிஎம் பின், சிவிவி, யுபிஐ பின் கேக்கவே மாட்டார், திரையைப் பகிரவும் சொல்ல மாட்டார். கேட்டா வச்சிடுங்க. பணம் போயிட்டா உடனே 1930.

இன்னொண்ணு, வங்கி மாதிரியே இருக்கிற சில ஆப் வங்கி இல்ல. பின்னாடி எந்த வங்கின்னு அடியில சின்ன எழுத்துல இருக்கும். 5 லட்சம் வரைக்கும் உள்ள டெபாசிட் காப்பீடு அந்த வங்கிக்குத்தான், ஆப்புக்கு இல்ல.

கல்லாப்பெட்டி:

நல்ல விவரங்கள். விட்டுப்போனதை மட்டும் சேர்க்கிறேன்.

ஒரே வங்கியில் ஏற்கெனவே முழு கேஒய்சி உள்ள கணக்கு இருந்தால் இரண்டாவது கணக்குக்கு மறுபடி வீடியோ தேவையில்லை. பழைய கணக்குக்கு கேஒய்சி புதுப்பிக்கச் சொல்லி வந்தாலும் பயந்து வீடியோவில் உட்கார வேண்டாம். ரிஸ்க் குறைந்த வாடிக்கையாளருக்குப் பத்து வருஷத்துக்கு ஒரு முறை, நடுத்தரத்துக்கு எட்டு, அதிகத்துக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பித்தால் போதும். விவரம் எதுவும் மாறவில்லை என்றால் பதிவான மொபைல், ஈமெயில், ஏடிஎம், நெட் பேங்கிங் ஏதாவதொன்றில் சுய அறிவிப்பு போதும்.

நாமினி பகுதியை "பிறகு" என்று தள்ளாதீர்கள். 2025 நவம்பர் 1 முதல் நாலு பேர் வரை போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் பிரிக்கலாம். கூட்டுக் கணக்கு பெரும்பாலான ஆப்களில் கிடையாது. தனியாகத் திறந்துவிட்டுக் கிளையில் பெயர் சேர்ப்பதுதான் வழி.

வங்கி பதில் சொல்லவில்லை என்றால் முதலில் வங்கியிலேயே எழுத்தில் புகார் போட்டு எண் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாள் கழித்தும் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்: அதன் புகார்த் தளமான சிஎம்எஸ் அல்லது 14448 என்ற எண். புகார் எண் இல்லாமல் நேராக அங்கே போனால் திருப்பி அனுப்புவார்கள்.

பொன்னி_ஆற்றோரம்:

@கேஒய்சி_மேசை பான் படம் மங்கல் என்றுதான் திருப்பியிருக்கிறார்கள் சார். உறையிலிருந்து எடுக்காமல் காட்டியதுதான் காரணம். மறுபடி செய்ய ஆதார் ஓடிபியும் போட வேண்டுமா?

கேஒய்சி_மேசை:

ஓடிபி போட்டு மூன்று வேலை நாள் ஆகியிருந்தால் போட வேண்டும். ஆகவில்லை என்றால் இன்று சாயங்காலத்துக்குள் வீடியோ பட்டனை மட்டும் அழுத்துங்கள். நாளைக்கு இரண்டாவது சனிக்கிழமை.